நன்றாக ஓடிக்கொண்டிருந்த மோட்டாரைக் கழற்றிய கதை

ராணுவ வீரரின் மனைவி என்று தெரிந்ததும் எதிரில் இருப்பவர்களின் குரல் தானாகத் தாழ்ந்துவிடும். "பயமா இருக்காதுங்களா?" என்று கேட்பார்கள். பனிமலை, துப்பாக்கி, முள்வேலி என்று அவர்கள் மனதில் ஓடும் படம் எனக்குத் தெரியும் என்பதால், நானும் பார்வையைத் தூரத்தில் நிறுத்தி லேசாகச் சிரிப்பேன். (அந்தச் சிரிப்புக்கு டவுன் பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கும்.) பயம் இருக்கத்தான் செய்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கல்யாணமான முதல் வருடத்தில் என்னைப் படுத்தி எடுத்தது எல்லைக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் இல்லை. எங்கள் வீட்டுக் கூடத்து ஜன்னலில் ஸ்பீக்கர் போட்டு வைத்திருந்த ஒரு போன்.

நான் வாழ்க்கைப்பட்ட ஊர், கள்ளக்குறிச்சியிலிருந்து மலைப் பக்கம் போகும் டவுன் பஸ் 'இதற்கு மேல் வேலையில்லை' என்று திரும்பும் இடத்தில் இருக்கிறது. கல்வராயன் மலை கொல்லைப்புறத்துக்கு நேர் எதிரே சுவர் மாதிரி நிற்கும். அதனால் எங்களுக்குக் காற்று உண்டு, மழை உண்டு, சிக்னல் மட்டும் கிடையாது. வீட்டில் அது வரும் ஒரே இடம் கூடத்து ஜன்னலின் இடது மூலை. போனை அங்கே வைத்தால் இரண்டு கோடு தெரியும். கையில் எடுத்தால் ஒன்றாகும். காதுக்குக் கொண்டுபோனால் அதுவும் போய்விடும். எனவே யாருக்குப் போன் வந்தாலும் அது ஜன்னலிலேயே இருக்கும். மனிதர்கள்தான் அதைச் சுற்றி நிற்க வேண்டும். சத்தம் போதவில்லை என்று மாமா, அதாவது என் மாமனார், போனை ஒரு பிளாஸ்டிக் ஜக்குக்குள் நிறுத்திவைக்கும் முறையைக் கண்டுபிடித்திருந்தார். அன்று முதல் எங்கள் வீட்டு உரையாடல்கள் கொல்லைப்புறம் வரைக்கும், காற்று சாதகமாக இருந்தால் பக்கத்து வீட்டு சரசக்காவின் அடுப்படி வரைக்கும் ஒலிபரப்பாயின.

என் கணவர் ஏழுமலை ராணுவத்தில் தகவல் தொடர்புப் பிரிவில் வேலை பார்க்கிறார். (அவர் தகவல் தொடர்பு பார்த்த லட்சணத்தைத்தான் எழுதப்போகிறேன்.) கல்யாணத்துக்கு வாங்கி வந்த லீவில் பாதி பத்திரிகை வைப்பதிலும் மீதி விருந்து சாப்பிடுவதிலும் தீர்ந்தது. அவர் என்னோடு பேசியதைவிட போட்டோகிராபர் எங்களோடு பேசியதுதான் ஜாஸ்தி. பிறகு ஏதோ ஒரு மலை உச்சியில் போஸ்டிங். அங்கே சொந்தப் போன் வைத்துக்கொள்ள அனுமதி இல்லை. யூனிட் போனில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வரிசையில் நின்று பேச வேண்டும். அந்த வரிசையில் அவருக்குப் பின்னால் எப்போதும் ஒரு திருக்கோவிலூர்காரர் நிற்பார். தமிழ் நன்றாகத் தெரிந்தவர்.

ஆக, அந்தப் பக்கம் திருக்கோவிலூர்காரர். இந்தப் பக்கம் மாமா, அத்தை, முறத்தோடு சரசக்கா. நடுவில் புதுசாகக் கல்யாணமான இரண்டு பேர்.

"சாப்ட்டியா?"

"சாப்ட்டேங்க. நீங்க?"

"சாப்ட்டேன்."

இதற்குப் பிறகு நீண்ட அமைதி. சரசக்காவுக்கு மனசு கேட்காது. "வேற எதனா கேளேன் பொண்ணே" என்பார். நான் யோசித்து, "இன்னா சாப்ட்டீங்க?" என்று கேட்பேன். "சப்பாத்தி" என்பார். அவ்வளவுதான். மாதக்கணக்காக எங்கள் தாம்பத்தியம் சப்பாத்தியைத் தாண்டவில்லை.

பொங்கலுக்குச் சின்ன லீவில் வந்துவிட்டுத் திரும்பும்போது, சின்னசேலம் ரயில் நிலையத்தில் அவரே ஒரு வழி சொன்னார். ரயில் தாமதம். மாமா தண்ணீர் பாட்டில் வாங்கப் போயிருந்தார். அத்தை பெட்டிக்குக் காவல். நாங்கள் இருவரும் நடைமேடையில் கொஞ்சம் தள்ளி நின்றிருந்தோம். ஏழுமலை சுற்றும்முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"ரகசியத்த மறைச்சி வெச்சா எவனாவது தோண்டுவான். எல்லாரும் தெனம் பேசற பேச்சுக்குள்ள வெச்சிட்டா ஒருத்தனும் திரும்பிப் பாக்க மாட்டான். எங்க வூட்ல எப்பப் பாத்தாலும் இன்னா பேசிக்கினு இருப்பாங்க, சொல்லு."

"மோட்டாரு" என்றேன்.

"ஆங். இனிமே மோட்டாருன்னா மனசு."

அந்த நடைமேடையிலேயே எங்கள் சங்கேத மொழி பிறந்தது. மோட்டார் ஓடுகிறது என்றால் நன்றாக இருக்கிறேன். ஓடவில்லை என்றால் உங்களை நினைத்து ஏங்கிக்கொண்டிருக்கிறேன். கரண்ட் என்றால் லீவு. இரண்டும் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது, வந்ததும் போய்விடும். நாலு நாள் லீவுக்கு சிங்கிள் பேஸ். வருடாந்திரப் பெரிய லீவுக்கு, வயலுக்குத் தண்ணீர் பாய்ச்ச வரும் மும்முனை மின்சாரத்தின் பெயர், த்ரீ பேஸ். கோபம் என்றால் பியூஸ் போய்விட்டது. பச்சை பட்டன் என்றும் ஒன்று இருந்தது. அதன் பொருளை இங்கே எழுதுவதாக இல்லை.

திட்டத்தில் ஒரே ஒரு ஓட்டை. வீட்டில் நிஜமாகவே ஒரு மோட்டார் இருந்தது.

தேசத்தின் தகவல்களைக் காக்கும் அவருக்கும், கள்ளக்குறிச்சியில் ஒரு பத்திரிகை அலுவலகத்தில் அடுத்தவர் செய்தியில் ஓட்டை கண்டுபிடிப்பதையே பிழைப்பாக வைத்திருந்த எனக்கும் இது தோன்றவில்லை. தோன்றியிருக்க வேண்டும். ஏனென்றால் அது சாதாரண மோட்டார் இல்லை. ஏழுமலையின் ராணுவச் சம்பளத்தில் கொல்லைப்புறத்தில் போட்ட போர், அதாவது ஆழ்துளைக் கிணறு. அதற்குள் இறக்கிய மோட்டார். மாமா தினமும் காலையில் ஸ்டார்ட்டர் பெட்டிக்குக் குங்குமம் வைத்துவிட்டுத்தான் பட்டனைத் தொடுவார். பிள்ளை ஊரில் இல்லை. பிள்ளைக்குப் பதிலாக அவர் பார்த்துக்கொள்ள வேண்டியது அந்த மோட்டார். (மருமகளும் இந்தப் பட்டியலில் உண்டு. ஆனால் எனக்குக் குங்குமம் நானே வைத்துக்கொண்டேன்.)

ஏழுமலை போன பிறகு வந்த முதல் போனிலேயே புது மொழியை நடைமுறைப்படுத்தினோம்.

"மோட்டாரு எப்டி கீது?" என்றது ஜக்கு.

"சரியாவே ஓடலைங்க."

"எப்பலேர்ந்து?"

"நீங்க ரயில் ஏறினதுலேர்ந்து."

ஜக்குக்குள் ஒரு பெருமூச்சு கேட்டது. எனக்குக் காது வரைக்கும் சூடாகிவிட்டது. நாலு பேர் நடுவில், அதுவும் மாமனார் முன்னிலையில், இப்படி வெளிப்படையாகப் பேசுகிறோமே என்று கால் தரையில் பாவவில்லை.

"கரண்ட்டு எப்பங்க வரும்?"

"மேல கேட்டுக்கினுதான் கீறேன். இப்பத்திக்கு சிங்கிள் பேஸ்தான் தர முடியும்ன்றாங்க."

"சிங்கிள் பேஸ வெச்சிக்கினு இன்னாங்க பண்றது? ஆரம்பிக்கறதுக்குள்ள போயிடும்."

"கரெக்டா சொன்ன" என்றார் சரசக்கா, முறத்தில் தட்டி. அவர் வயலிலும் அதே கதைதான்.

மாமா எழுந்துகொண்டார். அத்தையிடம் மட்டும், "பையன் அங்கேர்ந்தே மின்வாரியத்துல பேசறான் போலக்குது" என்று மெதுவாகச் சொன்னார். அதில் பெருமை இருந்தது. பிறகு டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு கொல்லைப்புறம் போனார். மோட்டாரைப் போட்டார். ஓடியது. நிறுத்தினார். மறுபடி போட்டார். ஓடியது. நான் அதைக் கவனித்தேன். ஆனால் அப்போது நான் காதலில் இருந்தேன், விவசாயத்தில் இல்லை.

அடுத்தடுத்த ஞாயிறுகளிலும் நான் மோட்டார் ஓடவில்லை என்றே சொன்னேன். சுருதி ஏறிக்கொண்டே போனது. ராத்திரியில் சுத்தமாக ஓடவில்லை, மழை வந்தால் ரொம்ப மோசம் என்றெல்லாம் விரித்துரைத்தேன். பச்சை பட்டனும் ஓரிரு முறை பேச்சில் வந்தது. ஒருநாள் நான் வேலை முடிந்து வந்தபோது கம்பத்தின் மேல் லைன்மேன் இருந்தார். கீழே மாமா.

"ராத்திரில வோல்டேஜ் கம்மியா கீதாம். ஏன்யா கவனிக்க மாட்டன்றீங்க?"

"யாரு பெரியவரே சொன்னாங்க?"

"மில்ட்ரில சொன்னாங்க" என்றார் மாமா.

லைன்மேன் எல்லாவற்றையும் சோதித்துவிட்டு, குறை ஒன்றும் இல்லை என்று இறங்கிப் போனார். அன்று சாயங்காலம் மாமா என்னைக் கூப்பிட்டார். அவர் என்னிடம் நேராக எதுவும் கேட்கிறவர் இல்லை. முகத்தைப் பார்க்காமல் மாட்டைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"மோட்டாரு நல்லாத்தான ஓடுதும்மா?"

"நல்லா ஓடுதுங்க மாமா."

"பின்ன ஏம்மா பையன்கிட்ட ஓடலன்ற?"

இந்த இடத்தில் ஒரு சாதாரண மனுஷி உண்மையைச் சொல்லியிருப்பாள். அந்த உண்மை, 'மாமா, மோட்டார் என்று நான் சொல்வது உங்கள் பிள்ளைக்காக ஏங்கும் என் மனசை' என்பது. மாட்டுக்கு முன்னால்கூட எனக்கு அதைச் சொல்ல வாய் வரவில்லை. "சும்மா... ஒரு பேச்சுக்கு" என்றேன்.

மாமா தலையை ஆட்டினார். ஆனால் முகம் விழுந்துவிட்டது. அத்தையிடம் அவர் சொன்னது அடுப்படி வரை கேட்டது. "பனில நின்னுக்கினு சம்பாரிச்சி போட்ட போரு. அதக்கூட கெழவன் ஒழுங்கா வெச்சிக்கலன்னு நெனச்சிப்பான்டி. அந்தப் பொண்ணு பாவம், எம்மூஞ்சிக்கி நேரா சொல்ல முடியாம அவன்கிட்ட சொல்லுது."

அப்போதுதான் எனக்கு நடப்பது புரிந்தது. ஏழுமலைக்கும் எனக்கும் அது விளையாட்டு. மாமாவுக்கு மானப் பிரச்சினை. அடுத்த ஞாயிறு எல்லாவற்றையும் சரிசெய்துவிடுவது என்று முடிவெடுத்தேன்.

"மோட்டாரு எப்டி கீது?"

"சூப்பரா ஓடுதுங்க" என்றேன், மாமாவுக்கு நன்றாகக் கேட்கும்படி. "இவ்ளோ நல்லா எப்பவுமே ஓடனது இல்ல."



"நா இல்லாமயே அவ்ளோ நல்லா ஓடுதா?" குரல் இறங்கிவிட்டது. "சரி. நல்லா இருந்தா சரி."

பனிமலையில் நிற்கிற மனுஷன். "இல்லைங்க, இல்லைங்க" என்றேன் அவசரமாக. "சும்மா சொன்னேன். ஓடவே இல்ல. சுத்தமா நின்னுபோச்சி. தட்டிப் பாத்தாகூட அசையல."

"அப்படியா?" என்றார் ஏழுமலை, பரம சந்தோஷமாக.

நான் திரும்பிப் பார்த்தேன். மாமா வெற்றிலையை மடிப்பதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மருமகள் முதலில் மாமனாரின் மானத்தைக் காப்பாற்றப் பொய் சொல்கிறாள், பிறகு மனசு கேட்காமல் உண்மையைச் சொல்கிறாள் என்று அவர் எடுத்துக்கொண்டார். அன்றே தீர்மானம் செய்துவிட்டார். அடுத்த ஞாயிறு பிள்ளையின் போன் வருவதற்குள் மோட்டாரை மேலே எடுத்து, சரிபார்த்து, இறக்கிவிடுவது. பிள்ளை கேட்டால் அவரே பதில் சொல்வார்.

ஞாயிறு மதியம் சின்னசேலத்திலிருந்து மெக்கானிக் தணிகாசலம் வந்தார். முக்காலி, சங்கிலிக் கப்பி, கயிறு, கூட ஒரு உதவியாள் என்று முழு ஆயுதங்களோடு. மாமா பட்டனை அழுத்த, மோட்டார் ஓடி, குழாயிலிருந்து தண்ணீர் தொட்டியில் கொட்டியது. தணிகாசலம் ஒரு ஸ்க்ரூடிரைவரின் முனையைக் குழாயில் வைத்து, கைப்பிடியைத் தன் காதில் வைத்துக் கண்ணை மூடினார்.

"நல்லா ஓடுதே" என்றேன்.

"ஓடுதும்மா." அவர் கண்ணைத் திறக்கவில்லை. "ஆனா மனசில்லாம ஓடுது."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இந்த ஆளுக்கு எப்படித் தெரிந்தது என்று ஒரு நொடி நிஜமாகவே பயந்தேன்.

"காயில் வீக்கு. புஷ்ஷும் தேஞ்சிருக்கும். மேல எடுத்துடலாம் பெரியவரே."

அப்போதுதான் நடவு முடிந்திருந்தது. கொல்லைக்கு அப்பால் இளம்பச்சையாக நெல் நின்றது. அதற்குத் தினமும் தண்ணீர் வேண்டும். நான் எனக்குத் தெரிந்த எல்லாத் தடைகளையும் போட்டுப் பார்த்தேன். இன்றைக்கு நாள் சரியில்லை என்றேன். மாமா காலண்டரைப் பார்த்துவிட்டு நாள் நன்றாக இருக்கிறது என்றார். மழை வரும்போல இருக்கிறது என்றேன். எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள், மலைமேல் ஒரு மேகம் கிடையாது. "எனக்காக வேணாம் மாமா" என்றேன் கடைசியாக. "ஒனக்காகத்தாம்மா" என்றார். அதற்கு மேல் நான் என்ன செய்ய? உண்மையைச் சொல்லலாம். தணிகாசலம், அவர் உதவியாள், சரசக்கா, வேடிக்கை பார்க்க வந்த தெரு, எல்லோரும் இருக்கிறார்கள். நான் மோர் கலக்கப் போய்விட்டேன்.

முக்காலி நின்றது. சங்கிலி கிறீச்சிட்டது. குழாய் ஒவ்வொன்றாக மேலே வர, கழற்றிக் கழற்றி வேலி ஓரம் சாய்த்தார்கள். பொழுது சாய்ந்துவிட்டது. இன்னும் கொஞ்சம்தான் என்று தணிகாசலம் சொன்னார். நான் மோர்ச் சொம்போடு வந்துகொண்டிருந்தேன். குழாயைப் பிடித்திருந்த கிளாம்ப் நழுவியது. பழைய கயிறு அதைத் தாங்குவதாக ஒரு கணம் நடித்துவிட்டு அறுந்தது. தரைக்கு அடியில் தடதடவென்று ஒரு சத்தம் இறங்கிப் போய்க்கொண்டே இருந்தது. பிறகு 'ணங்' என்று ஒன்று. பிறகு ஒன்றும் இல்லை.

எல்லோரும் குழியைப் பார்த்தோம்.

"போச்சா?" என்றார் சரசக்கா.

"போச்சி" என்றார் தணிகாசலம்.

மாமா தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். அந்த நேரத்தில் ஜன்னலில் போன் அடித்தது.

அத்தைதான் ஓடினார். எங்கள் எல்லோருக்கும் கொல்லையிலிருந்தே எல்லாம் கேட்டது. மாமாவின் கண்டுபிடிப்பு அவ்வளவு சிறப்பாக வேலை செய்தது.

"யம்மா, அவ எங்க?"

"அவ இருக்கட்டும்டா. மோட்டாரு போயிடுச்சிடா."

"போயிடுச்சா? இன்னாம்மா சொல்ற? எங்க போயிடுச்சி?"

"மெக்கானிக்கு ஒருத்தன் வந்தான்பா. சின்னசேலத்தான். நல்லா ஓடிக்கினு இருந்துச்சி. அவன் காத வெச்சிப் பாத்துட்டு, இது மனசில்லாம ஓடுதுன்னான். கழட்டிட்டான்."



"எவன்மா அவன்?"

"தணிகாசலம்னு பேரு. நல்ல மாதிரியாத்தான் தெரிஞ்சான்."

தணிகாசலம் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டார்.

"அவ ஒண்ணும் சொல்லலியா?"

"அவ வேணாம் வேணாம்னுதான் சொன்னா. ஒங்கப்பாதான் கேக்கல. அவருதான் ஆள இட்டாந்ததே."

"அப்பாவா?" குரல் உடைந்தது. "அப்பா எதுக்கும்மா இட்டாந்தாரு?"

"நீதானடா வாராவாரம் மோட்டாரு மோட்டாருன்னு கேட்ட. அவளும் ஓடல ஓடலன்னா. கடைசில உள்ள வுழுந்துட்டுது. போருக்குள்ள."

ராணுவத்தின் தகவல் தொடர்புப் பிரிவு தகவலைப் பிரித்துப் படித்துக்கொண்டிருந்தது.

"யம்மா... நெஜ மோட்டாரா?"

"பின்ன பொய் மோட்டாரு ஒண்ணு கீதா?"

எதிரியிடம் பிடிபட்டால் பெயரையும் எண்ணையும் தவிர வேறு எதையும் சொல்லக் கூடாது என்று பயிற்சி பெற்றவர் என் கணவர். அம்மா கேட்ட ஒற்றைக் கேள்வியில் முழு ரகசியத்தையும் கொட்டினார். சிரிப்பும் மூச்சிரைப்புமாக, ஜக்கு அதிர அதிர.

"அய்யோ யம்மா. நல்லா ஓடற மோட்டார ஏம்மா கழட்டினீங்க? அது மோட்டாரு இல்லம்மா. அவ மனசு. என்ன நெனச்சி மனசு சரியில்லன்றத அப்டி சொல்லுவா. கரண்ட்டுன்னா லீவும்மா. த்ரீ பேஸ்னா பெரிய லீவு. நீங்கள்லாம் நிக்கறீங்களேன்னு வெக்கத்துல..."

"அப்ப பச்சை பட்டனு?" என்றார் அத்தை.

நல்ல வேளை, அந்தக் கேள்விக்குப் பதில் வரவில்லை. அந்தப் பக்கம் திருக்கோவிலூர்காரர் சிரிக்கும் சத்தம் மட்டும் தெளிவாகக் கேட்டது. பிறகு லைன் போனது.

கொல்லையில் நான் மோர்ச் சொம்புக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றேன், அதற்குள் போய்விட முடியுமா என்று. சரசக்கா முறத்தால் முகத்தை மறைத்துக்கொண்டார், முறம் குலுங்கியது. முதலில் பேசியவர் தணிகாசலம்தான்.

"நாந்தான் அப்பவே சொன்னனே. மனசில்லாம ஓடுதுன்னு."

மாமா திரும்பி வயல் பக்கம் நடந்தார். எனக்கு உயிர் போய்விட்டது. மோட்டார் போனது, நெல் போகப்போகிறது, மானம் போய்விட்டது. எல்லாவற்றையும்விட அந்த மனிதர் முகம் கொடுக்காமல் போகிறார். சொம்பைக் கீழே வைத்துவிட்டுப் பின்னாலேயே ஓடினேன். வரப்பில் எனக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்து எனக்கும் அழுகை வந்துவிட்டது.

"மாமா, மன்னிச்சிக்குங்க மாமா."

திரும்பினார். கண்ணில் தண்ணீர் இருந்தது. ஆனால் அது சிரித்துச் சிரித்து வந்த தண்ணீர். பேச முடியாமல் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். ஒரு வழியாக நிதானத்துக்கு வந்ததும், முகத்தைக் கொஞ்சம் சரிசெய்துகொண்டு கேட்டார்.

"அப்ப என்னப் பத்தி ஒண்ணும் சொல்லல?"

"ஒண்ணுமே சொல்லல மாமா."

"போர நா சரியா பாத்துக்கலன்னு...?"

"இல்ல மாமா. எங்க ரெண்டு பேருக்கும் அந்த மோட்டாரு ஞாபகமே இல்ல."

அவர் நெடுநேரம் நாற்றுகளையே பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு பெரிய மூட்டையை இறக்கிவைத்த மாதிரி மூச்சு விட்டார்.

"அந்த லைன்மேன வேற திட்டிட்டனேம்மா" என்றார்.

நெற்பயிரை சரசக்கா காப்பாற்றினார். தன் கிணற்றிலிருந்து முறை வைத்துத் தண்ணீர் விட்டார். ஒவ்வொரு முறையும் வாய்க்காலை எங்கள் பக்கம் திருப்பும்போது, "மனசு சரியில்லாத வயலுக்கு வுடறேன்" என்று தெருவுக்கே அறிவித்தார். தணிகாசலம் பல நாள் கொக்கி போட்டுத் துழாவி மோட்டாரை மேலே கொண்டுவந்தார். அதற்குள் நாற்று லேசாக மஞ்சளடித்து, பிறகு தேறிக்கொண்டது. மேலே வந்த மோட்டாரைப் பிரித்துப் பார்த்தபோது, விழுந்ததில் பட்ட அடியைத் தவிர அதில் ஒரு குறையும் இல்லை என்பதை இங்கே பதிவுசெய்கிறேன்.

அடுத்த ஞாயிறு போன் அடித்ததும் மாமா எழுந்தார். "எல்லாரும் வெளிய வாங்க" என்றார். அத்தை, சரசக்கா, முறம் எல்லாம் வெளியேற்றப்பட்டன. தானே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை வாசலுக்கு இழுத்துப்போட்டுக் காவலுக்கு உட்கார்ந்தார். பால் ஊற்ற வந்தவரை அங்கேயே நிறுத்தி, "உள்ள போவாத. மோட்டாரு ரிப்பேரு நடக்குது" என்று சொன்னது எனக்குக் கேட்டது.

கல்யாணமாகி முதல் முறையாக நானும் அந்த ஜக்கும் தனியாக இருந்தோம். அந்தப் பக்கம் திருக்கோவிலூர்காரர்கூட இரக்கப்பட்டு நாலடி தள்ளிப் போய்விட்டாராம்.

"சாப்ட்டியா?" என்றார் ஏழுமலை.

"சாப்ட்டேங்க. நீங்க?"

"சாப்ட்டேன்."

எல்லாவற்றையும் நேராகப் பேசலாம், தடுக்க ஆளில்லை, ஆனால் மொழி கைவிட்டுவிட்டது. இருவரும் மூச்சு விடும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தோம். கடைசியில் அவர் தொண்டையைச் செருமி, "மோட்டாரு எப்டி கீது?" என்றார். அதற்குப் பிறகு லைன் போகிற வரைக்கும் பேசினோம்.

இப்போது ஊரில் டவர் வந்துவிட்டது. நான் அவரோடு வடக்கே குவார்ட்டர்ஸில் இருந்துவிட்டுத் திரும்பியும் ஆயிற்று. ஜக்கு தண்ணீர் மொள்ளும் பழைய வேலைக்கே போய்விட்டது. ஆனால் ஏழுமலை லீவில் வந்து பஸ்ஸை விட்டு இறங்கினால், எங்கள் தெருவில் யாரும் 'ஏழுமலை வந்துட்டான்' என்று சொல்வதில்லை. "கரண்ட்டு வந்துடுச்சி" என்றுதான் வீட்டுக்கு வீடு செய்தி போகும். ஊருக்குப் புதுசாக வந்த ஒரு டீச்சர் அதை நம்பி மிக்ஸியில் மாவுக்கு அரிசி போட்டுவிட்டு வெகுநேரம் காத்திருந்தாராம்.

போன வருடம் நாத்தனாரின் பிரசவத்துக்காக அத்தை திருக்கோவிலூர் போயிருந்தார். குழந்தை பிறந்து, பெயர் வைத்து, எல்லாம் முடிந்தும் வரவில்லை. பேத்தியை விட்டுவர மனசில்லை. மாமா சாப்பாட்டில் குறை சொல்ல ஆரம்பித்தார். பிறகு மாட்டின் மேல் கோபித்துக்கொண்டார். ஒருநாள் சாயங்காலம் நானும் சரசக்காவும் கூடத்தில் உட்கார்ந்திருக்கும்போது, எங்களைக் கண்டுகொள்ளாத மாதிரி போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டார். குழந்தை நலம் விசாரித்தார். மழை உண்டா என்றார். பிறகு ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, நெல்லைப் பற்றிப் பேசுகிற அதே குரலில் சொன்னார்.

"இங்க த்ரீ பேஸே இல்லடி. எப்ப வருமாம்?"



"மின்வாரியத்துல போய்க் கேளுங்க" என்று சொல்லிவிட்டு அத்தை போனை வைத்துவிட்டார்.

மறுநாள் காலை முதல் பஸ் வந்து திரும்பியது. மும்முனை மின்சாரம் ஒரு கட்டைப்பையோடு இறங்கி, யாரையும் பார்க்காமல், வீட்டை நோக்கி விறுவிறுவென்று நடந்து வந்தது.